சாவி யார் கையில் இருந்தது?

மலேசியாவின் பிறையிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதி, கைபேசியில் எடுத்த பதினோரு படங்களையும் அனுப்பியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவரும் கணவரும் ஐந்து ஆண்டுகளாகத் தமிழகத்திலிருந்து காய்ந்த மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் வரவழைத்து, பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி வட்டாரத்து மளிகைக் கடைகளுக்கும் இணையத்தில் வாங்குபவர்களுக்கும் விற்கிறார்கள். ஜூன் மாதம் தூத்துக்குடியிலிருந்து வந்த 112 மூட்டைகளைக் கணவரின் நண்பர் ஒருவர் நடத்தும் குடோனில் வைத்தார்கள். அந்த நண்பரை இவர் "அண்ணன்" என்றே எழுதுகிறார். வாடகை மாதம் 650 வெள்ளி (ரிங்கிட்). ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. வாட்ஸ்அப் பேச்சும், "112 மூட்டை வரவு" என்று குடோன் கெராணி (எழுத்தர்) கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச் சீட்டும்தான் இருக்கின்றன.

அக்டோபர் மழையில் கூரை ஒழுகி 38 மூட்டை நனைந்துவிட்டது. "நான் இடம்தான் கொடுத்தேன், மழைக்கு நானா பொறுப்பு?" என்கிறார் அண்ணன். சுவரில் தொங்கும் "சரக்குக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகையையும் காட்டுகிறார். கோபத்தில் இவர்கள் இரண்டு மாத வாடகையை நிறுத்திவிட்டார்கள். அவர் குடோனைப் பூட்டி, மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் நல்ல மூட்டைகளை விற்று எடுத்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். வாசகியின் கணக்கில் நட்டம் 21,000 வெள்ளி. பூட்டை உடைத்து லோரியில் ஏற்றிவிடலாம் என்கிறார் அவருடைய தம்பி. கப்பல் இன்சூரன்ஸ் இருக்கிறதே, அதில் வந்துவிடும் என்பது கணவரின் நம்பிக்கை. அடுத்த முறை சுங்க உரிமம் பெற்ற பாண்டட் குடோனில் போடுங்கள், வரியே கிடையாது என்று, துறைமுகத்திலிருந்து சரக்கை எடுத்துத் தரும் ஃபார்வர்டிங் ஏஜென்ட் சொல்கிறார். இந்த வம்பே வேண்டாம், சொந்தமாக ஒரு கடைவீட்டை எடுத்துவிடலாமா என்றும் வாசகி கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறீர்கள்: நனைந்த மிளகாயை நன்றாக வெயிலில் காயவைத்து அரைத்துவிட்டால் குறைந்த விலைக்குத் தள்ளிவிடலாமா? முதல் பதில் அதற்குத்தான். தயவுசெய்து வேண்டாம். ஈரம் கண்ட மிளகாயில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். கல்லீரலைக் கெடுக்கும் நச்சு அது. வெயிலில் காயவைத்தால் பூஞ்சை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், நச்சு போகாது. வறுத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. கெட்டுப்போனது என்று தெரிந்தே உணவுப் பொருளை விற்பது 1983 ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி குற்றம். இன்று நீங்கள் நட்டப்பட்ட ஆள். அந்த மிளகாய்த் தூள் ஒரு பொட்டலம் வெளியே போனாலும் நாளைக்கு நீங்கள் குற்றம் சாட்டப்பட்ட ஆள். இன்னொன்றும் இருக்கிறது. அந்த 38 மூட்டைதான் உங்கள் சாட்சி. அதைக் காயவைத்து அரைத்துவிட்டால் எதைக் காட்டி நட்டம் கேட்பீர்கள்?

சரி, இப்போது வழக்குக்கு வருகிறேன்.

இடம் எடுத்தீர்களா, சரக்கை ஒப்படைத்தீர்களா?

என் அப்பா ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ கரையோரக் குடோன்களில் மூட்டை தூக்கியவர். அவர் குடோன் என்று சொல்ல மாட்டார், கிட்டங்கி என்பார். நம் கிடங்குதான் மலாய்க்காரர் வாயில் கூடாங் ஆகி, வெள்ளைக்காரர் வாயில் குடோன் ஆகி, சுற்றிக்கொண்டு நம்மிடமே திரும்பி வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதே ஊரின் பினாங்குத் தெருவில் வட்டிக்கடைச் செட்டியார்களும் தங்கள் இடத்தைக் கிட்டங்கி என்றுதான் சொன்னார்கள். ஒரு நீண்ட கூடம், அதில் வரிசையாக ஆளுக்கொரு மேசையும் பெட்டியும். பெட்டிச் சாவி அவரவர் இடுப்பில். கூடத்துக்காரர் இடத்துக்கு வாடகை வாங்குவார், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது அவர் கவலை இல்லை.

துறைமுகக் குடோன் அப்படி இல்லை. மூட்டை உள்ளே போகும்போது கெராணி எண்ணிக்கொள்வார், சீட்டு கொடுப்பார், கதவைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். நீங்கள் சீட்டைக் கொண்டு போனால்தான் சரக்கு வெளியே வரும்.

இரண்டுக்கும் கிட்டங்கி என்றே பெயர். ஆனால் சட்டத்தில் இவை இரண்டு வேறு உறவுகள். முதலாவது வாடகை. சரக்குக்கு என்ன ஆனாலும் பெரும்பாலும் அது வாடகைக்கு எடுத்தவர் தலையில்தான். இரண்டாவது ஒப்படைப்பு. பெய்ல்மெண்ட் என்பார்கள். நம் 1950 ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் 101 ஆவது பிரிவு தொடங்கி இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஒரு காரியத்துக்காகப் பொருளை ஒருவரிடம் கொடுக்கிறோம், காரியம் முடிந்ததும் அவர் திருப்பித் தர வேண்டும். அதுவரை, விவரமான ஒரு மனிதர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது 104 ஆவது பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டும் நட்டம் வந்தால், வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய அவர் பொறுப்பில்லை என்கிறது 105.

ஆகவே எந்தக் குடோன் வழக்கு வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, சாவி யார் கையில் இருந்தது?

உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. சாவி அவரிடம். உங்களுக்கென்று தடுத்துக் கொடுத்த மூலை எதுவும் இல்லை. உங்கள் மூட்டைகளை அவருடைய ஆட்களே ஒரு முறை இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சரக்கு எடுக்க வேண்டுமென்றால் அவருக்குப் போன் போட வேண்டும். கெராணி எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "இடம்தான் கொடுத்தேன்" என்ற பேச்சு இதன் முன் நிற்காது. நீங்கள் சரக்கை ஒப்படைத்திருக்கிறீர்கள் என்பதுதான் என் கருத்து. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். அந்தத் துண்டுச் சீட்டும் வாட்ஸ்அப் செய்திகளும் அதற்கு ஆதாரம். சீட்டைப் படம் எடுத்துவிட்டு அசலைப் பத்திரமாக வையுங்கள்.

இதில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயத்தைப் பலரும் அறிவதில்லை. ஒப்படைத்த சரக்கு கெட்டாலோ காணாமல் போனாலோ, குடோன்காரர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்கத் தேவையில்லை. தன் மேல் தவறில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 1978 இல் நம் நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், அப்போது நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் இதை உறுதியாகச் சொன்னது. இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கு முன்பு போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பெயர். அங்கே இறக்கி வைத்த மருந்துப் பெட்டிகள் காணாமல் போனது பற்றிய வழக்கு அது. பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்தது உள்ளே இருந்தவருக்குத்தானே தெரியும்? வெளியே நின்றவர் எப்படி நிரூபிப்பார்?

அந்த நீல வாளி

உங்கள் ஏழாவது படத்தை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் மூட்டைகளைக் காட்டத்தான் எடுத்திருக்கிறீர்கள். ஆனால் படத்தின் இடது ஓரத்தில், இரண்டு மூட்டை வரிசைகளுக்கு நடுவில், ஒரு நீல வாளி இருக்கிறது. பாதிக்கு மேல் துரு நிறத் தண்ணீர். வாளிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் வட்டம் வட்டமாகப் பழைய கறை, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒரு நாள் ஒழுகினால் அப்படிக் கறை படியாது. யாரோ பலமுறை அங்கே வாளி வைத்து, நிரம்பியதும் கொட்டிவிட்டு, மறுபடி வைத்திருக்கிறார்கள்.

கூரை ஒழுகுவது அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் தேட வேண்டாம். எதிர்பாராமல் புயல் வந்து தகடு பறந்திருந்தால் கதை வேறு. ஒழுகுகிற இடம் தெரிந்தும், அதன் கீழே மிளகாய் மூட்டையை அடுக்கி, வாளியை மட்டும் வைப்பவர் தன் சொந்தச் சரக்கை அப்படி வைத்திருப்பாரா? 104 ஆவது பிரிவு கேட்பது இதைத்தான். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பும்போது வெட்டாமல், கைபேசியில் உள்ள மூலக் கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள். எடுத்த தேதி அதில்தான் இருக்கும்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: பாலட்டுக்கு (மூட்டை தரையில் படாமல் வைக்கும் தட்டு) மாதம் ஐந்து வெள்ளி தனியாகக் கேட்டார்கள், வேண்டாம், தரையிலேயே அடுக்குங்கள் என்று சொல்லிவிட்டோம். இதை அவருடைய வக்கீல் பிடித்துக்கொள்வார். மசாலாச் சரக்கை வெறும் சிமெண்டில் வைக்கக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் தரையிலிருந்தே சாக்குக்குள் ஈரம் ஏறும். சுவரோடு ஒட்டியும் வைக்கக் கூடாது. காற்றும் ஆளும் புகுந்து வர இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் வண்டு விழுந்ததே தெரியாது.

அதனால் எந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பது முக்கியம். கூரையிலிருந்து விழுந்த தண்ணீர் என்றால் சாக்கின் மேற்பக்கத்தில் துருக்கறை வட்டமாகத் தெரியும், அங்கிருந்து கோடு கோடாக இறங்கியிருக்கும். தரையிலிருந்து ஏறிய ஈரம் என்றால் கறை இருக்காது, அடியில் ஒரு பட்டையாகக் கருத்திருக்கும். உங்கள் படங்களில் பெரும்பாலானவை முதல் வகைதான். அடிவரிசையில் ஒரு ஏழெட்டு மூட்டை எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இதைச் சொல்ல வேண்டியவர் சரக்குச் சேதம் மதிப்பிடும் சர்வேயர். துறைமுக ஊரில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. கட்டணம் ஆகும், ஆனாலும் ஒருவரை வைத்து மூட்டை மூட்டையாகக் குறித்து வாங்குங்கள். நீதிமன்றத்தில் உங்கள் வார்த்தையைவிட அவர் அறிக்கைக்கு எடை அதிகம்.

சுவர்ப் பலகை பற்றி. நீங்கள் சரக்கு வைத்த ஜூன் மாதம் அந்தப் பலகை அங்கே இருந்ததா? உங்களிடம் யாராவது அதைச் சுட்டிச் சொன்னார்களா? ஒப்பந்தம் முடிந்த பிறகு தொங்கவிட்ட பலகை ஒப்பந்தத்தின் பகுதி ஆகாது. முன்பே இருந்திருந்தாலும், பொறுப்பைக் கழற்றிவிடும் வாசகங்களை நீதிமன்றம் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை, யார் தப்பிக்கப் பார்க்கிறாரோ அவருக்கு எதிராகவே இறுக்கிப் படிக்கும். பழைய படங்களில் அந்தச் சுவர் தெரிகிறதா என்று தேடுங்கள்.

அப்புறம் அந்த 21,000 வெள்ளி. உங்கள் கணக்கில் விற்பனை விலை இருக்கிறது, கைவிட்டுப் போன இரண்டு கடைகளின் வருங்கால வியாபாரமும் இருக்கிறது. ஒப்பந்த மீறலால் இயல்பாக வரக்கூடிய நட்டத்தைத்தான் சட்டம் தரும். தூரத்து நட்டத்தைத் தராது. சரக்கு விலை, கப்பல் கூலி, துறைமுகச் செலவு சேர்த்து அந்த 38 மூட்டைக்கு உங்களுக்கு அடங்கியது 9,200 வெள்ளி என்று உங்கள் ரசீதுகளே சொல்கின்றன. அதை உறுதியான தொகையாக வைத்துப் பேசுங்கள். கைவிட்டுப் போன கடைகளுக்கும் சேர்த்துக் கேட்கலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். இந்தத் தொகைக்கு வழக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்தான் வரும். அங்கே 100,000 வெள்ளி வரை கேட்கலாம். ஒப்பந்த வழக்குக்கு ஆறு ஆண்டு கால வரம்பு இருக்கிறது. ஆனால் சாட்சி ஆறு மாதம்கூடத் தாங்காது.

பூட்டி வைக்கலாமா, விற்கலாமா?

காசு வரும் வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமைக்கு லியன் என்று பெயர். தையற்காரர் தைத்த சட்டையைக் கூலி வரும் வரை கொடுக்காமல் வைக்கலாம். காரணம், அந்தத் துணியில் அவர் உழைப்பு இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் இந்த உரிமையை, பொருளின் மேல் உழைப்போ திறமையோ செலுத்தியவருக்குக் கொடுக்கிறது. சும்மா வைத்திருந்தது மட்டும் அதில் சேராது. எல்லாப் பாக்கிக்கும் சேர்த்துப் பிடிக்கும் பொது உரிமை சட்டத்தில் பெயர் சொன்ன சில தொழில்காரர்களுக்கே உண்டு. வங்கிக்காரர்களும் படகுத்துறைக் காப்பாளர்களும் அதில் அடக்கம். மற்றவர்களுக்கு அதை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். பெரிய குடோன் நிறுவனங்கள் பொடி எழுத்தில் மறக்காமல் எழுதிவிடும். உங்களுக்கும் அண்ணனுக்கும் அப்படி ஒரு பேச்சே நடக்கவில்லை. ஆகவே பூட்டி வைக்க அவருக்கு உரிமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விற்பதற்கு உரிமை அறவே இல்லை. நீங்கள் முறைப்படி கேட்டும் அவர் தராமல் வைத்திருந்தால், அந்த நாளிலிருந்து மீதி 74 மூட்டைக்கு வரும் கேடும் அவர் கணக்கில் ஏறும்.

ஆனால் வாடகையை நிறுத்தியது உங்கள் தவறு, சகோதரி. நட்டம் வந்தது என்பதற்காக வாடகைக் கடன் தானாக மறைந்துவிடாது. உரிமை உங்கள் பக்கம் இருக்கிறது என்று வழக்குப் போட்டுக் காத்திருந்தால், தீர்ப்பு வரும்போது மிளகாய் நிறம் வெளுத்துப் போயிருக்கும். 1,300 வெள்ளியைக் கட்டிவிடுங்கள். கட்டும்போது, "சேதத்துக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இந்தத் தொகையைச் செலுத்துகிறேன், சரக்கை இன்னின்ன நாளில் எடுத்துக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும். 1,300 கொடுத்து 74 மூட்டை வெளியே வந்தால் அதுவே லாபம்.

தம்பியிடம் சொல்லுங்கள், பூட்டைத் தொடவே கூடாது. சரக்கு உங்களுடையதுதான், கதவு அவருடையது. இரவில் உடைத்துப் புகுந்தால், ஜாகா (காவலாளி) போலீஸைக் கூப்பிடுவார். வாளிப் படத்தோடு நியாயம் கேட்டு நிற்க வேண்டிய நீங்கள், போலீஸ் நிலையத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள்.

இதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அண்ணனே அந்தக் கட்டடத்தை வாடகைக்குத்தான் எடுத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தன் வாடகையைப் பாக்கி வைத்தால், கட்டட உரிமையாளர் 1951 ஆம் ஆண்டு டிஸ்ட்ரஸ் சட்டப்படி நீதிமன்ற வாரண்டு வாங்கி, உள்ளே இருக்கும் பொருளைக் கைப்பற்றலாம். பன்னிரண்டு மாத வாடகை வரை இப்படி வசூலிக்க வழி இருக்கிறது. வருகிற அமீனாவுக்கு எது யார் மூட்டை என்று தெரியாது. தொழில் முறையில் ஒப்படைத்த பிறர் பொருளுக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் இது என்னுடையது என்று காகிதம் காட்டி நீங்கள்தான் மீட்க வேண்டும், அதற்கு நாளாகும். சரக்கைச் சீக்கிரம் எடுக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மூட்டைகளில் உங்கள் வியாபாரப் பெயரை மையால் எழுதிவிடுங்கள்.

கப்பல் இன்சூரன்ஸ் எதுவரை வரும்?

காப்பு குடோன் முதல் குடோன் வரை உண்டு என்று ஏஜென்ட் சொன்னதை உங்கள் கணவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். சொன்னது பொய் இல்லை. ஆனால் பயணம் முடியும் வரைதான் அது. வழக்கமான சரக்குக் காப்பீட்டு விதிகளில், கடைசிக் குடோனில் இறக்கி முடித்ததும் காப்பு முடிந்துவிடும். அப்படி முடியாவிட்டாலும் கப்பலிலிருந்து இறக்கிய 60 ஆவது நாளோடு முடியும். உங்கள் சரக்கு ஜூனில் வந்தது, நனைந்தது அக்டோபரில். அங்கே போய் நிற்காதீர்கள்.

குடோன்காரர் இன்சூரன்ஸ் வைத்திருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். கட்டடத்துக்கு எடுத்த தீக்காப்பீடு உங்கள் மூட்டைக்கு உதவாது. குடோன் நடத்துபவரின் பொறுப்புக்கென்று தனிக் காப்பீடு உண்டு. அது இருந்தால் அவருக்கும் உங்களோடு சண்டை போட வேண்டிய அவசியம் குறையும். இனிமேல் சரக்கு இருக்கும் இடம் எதுவானாலும், இருப்புக்கு உங்கள் பெயரில் ஒரு காப்பீடு எடுங்கள். தீக்காப்பீட்டில் வெள்ளம் தானாகச் சேராது, கேட்டு வாங்க வேண்டும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு, சேற்றில் ஊறிய சரக்கின் படத்தோடு என் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பலர் இந்த ஒன்றைத்தான் விட்டிருந்தார்கள். இருப்பின் முழு மதிப்பையும் சொல்லுங்கள். பாதி மதிப்புக்குக் காப்பீடு எடுத்தால், நட்டத்திலும் பாதிதான் கிடைக்கும்.

பாண்டட் குடோனும் சொந்த இடமும்

பாண்டட் குடோன் என்பது 1967 ஆம் ஆண்டு சுங்கச் சட்டம் 65 ஆவது பிரிவின்படி உரிமம் பெற்ற கிடங்கு. வரி கட்டாத இறக்குமதிச் சரக்கை அங்கே வைக்கலாம். வரி இல்லை என்று ஏஜென்ட் சொன்னது பாதிதான். வரி தள்ளிப்போகும், அவ்வளவுதான். சரக்கை வெளியே எடுத்து இந்த நாட்டுக்குள் விற்கும்போது வரியைக் கட்டியாக வேண்டும். அங்கிருந்தே வேறு நாட்டுக்குத் திரும்ப ஏற்றினால்தான் கட்டாமல் போகும். அதனால்தான் மது, வாகனம் என்று வரி கனமாக விழும் சரக்குக்கு அது பொருத்தம். வரிப் பணம் மாதக்கணக்கில் முடங்காது. உங்கள் மிளகாய்க்கும் மல்லிக்கும் சரக்கின் வகையைக் குறிக்கும் எச்.எஸ். குறியீட்டு எண்ணை வைத்து என்ன வரி விழுகிறது என்று முதலில் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். வரி சொற்பமாகவோ இல்லாமலோ இருந்தால், தள்ளிப்போட என்ன இருக்கிறது? தவிர, அங்கே சரக்கு சுங்கத்துறையின் கண்காணிப்பில் இருக்கும். கடைக்காரர் அவசரமாக இரண்டு மூட்டை கேட்டார் என்று நினைத்த நேரத்தில் பிரித்து எடுக்க முடியாது. வாரம் மூன்று முறை சரக்கு எடுக்கும் உங்களுக்கு அது சரிப்படாது. பாயான் லெப்பாஸ் போன்ற சுதந்திர வர்த்தக வட்டாரங்களின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். உலகத்துக்கு ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளுக்காக 1972 இல் தொடங்கியது அது. வேலியைத் தாண்டி உள்நாட்டுக்கு வந்தால் இறக்குமதிதான்.

சொந்தமாகக் கடைவீடு எடுப்பது பற்றி. சாவி உங்கள் கையில் வரும், நிம்மதிதான். ஆனால் சாவியோடு பொறுப்பும் வருகிறது. கூரை ஒழுகினால், வண்டு விழுந்தால், திருடு போனால், வீட்டுக்காரரைக் கேட்க முடிவது மிகக் கொஞ்சம். கூரை பழுது யார் செலவு என்று எழுதி வாங்காவிட்டால் அதுவும் இல்லை. வாடகை ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்ட வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது. மூன்று ஆண்டுக்கு மேல் போனால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும். செபராங் பிறை மாநகர் மன்றத்தில் உரிமம் கேட்கும்போது கிடங்கு என்றே குறிப்பிடுங்கள். கடை என்று உரிமம் வாங்கிவிட்டு உள்ளே கூரை வரை மூட்டை அடுக்கினால், தீ விபத்து நடந்த நாளில் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் பார்க்கும். வீட்டு முன்கட்டில் வைப்பதும் இதே கதைதான், கூடவே பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மிளகாய் நெடி.

மாதம் நூறு மூட்டைக்குள் என்றால், ஒழுங்காக நடக்கும் பொதுக் குடோன் ஒன்றில், எழுத்து ஒப்பந்தத்தோடு, பாலட் கணக்கில் இடம் எடுப்பதே உங்கள் அளவுக்குப் போதும் என்பேன். கையெழுத்துப் போடுமுன், மழை பெய்யும் நாளாகப் பார்த்து ஒரு முறை உள்ளே போய் நில்லுங்கள். மேலே பாருங்கள், பிறகு தரையைப் பாருங்கள். ரேக்குகளில் பழைய சரக்கு முன்னாலும் புதிய சரக்கு பின்னாலும் இருக்கிறதா, அல்லது வந்தது வந்தபடி கிடக்கிறதா? பக்கத்தில் யார் சரக்கு? மசாலாவுக்குப் பக்கத்தில் சவர்க்காரமோ பூச்சி மருந்தோ வைக்கும் இடம் வேண்டாம்.

இந்த வாரம்

முதலில் 1,300 வெள்ளி, மேலே சொன்ன வரியோடு. கதவு திறந்ததும் சர்வேயர் உடன் வரட்டும். 112 மூட்டையும் அவர் முன்னால் எண்ணப்படட்டும். ஒவ்வொரு நனைந்த மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, எண் எழுதிய பையில் வையுங்கள். நல்ல 74 மூட்டையை அன்றே வேறு இடத்துக்கு மாற்றி, பாலட்டில் வைத்துப் பிரித்துப் பார்க்கத் தொடங்குங்கள். நட்டத்தைக் குறைக்க முயலவில்லை என்ற பேச்சு வரக் கூடாது. கெட்டதை அழிக்கும்போது படமும் ரசீதும் வேண்டும்.

பிறகு அண்ணனிடம் பேசுங்கள். வக்கீல் நோட்டீஸ் அதற்குப் பிறகு போனால் போதும். உங்கள் கணவருக்கு இருபது வருட நண்பர் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கில் ஜெயித்தாலும் அந்த நட்பை நீதிமன்றம் திருப்பித் தராது. அடிவரிசையில் அந்த ஏழெட்டு மூட்டையை உங்கள் பங்காக ஏற்றுக்கொண்டு, மீதியைத் தவணையில் தரச் சொல்லிக் கேட்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 7,000 வெள்ளிக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அவர் ஒப்புக்கொண்டால் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மறுத்தால் சீட்டின் அசலையும், சர்வேயர் அறிக்கையையும், ஏழாவது படத்தையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். வழக்கறிஞர் கட்டணம் பயமாக இருந்தால் சட்ட உதவி மையத்தில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

போகும்போது உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதம் முழுக்க அவர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒழுகிய கூரையை அவர் போடவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள்.